40 பம்புக்கு ஒரே ஃபேஸ்பிளேட்: ஸ்கேடா திரைகளில் மறுபயன்பாடு எங்கே உதவுகிறது, எங்கே சறுக்குகிறது

ஒரு நீரேற்று நிலையத்தில் 40 பம்ப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் இயந்திரங்களைக் கணினியிலிருந்து கண்காணித்து இயக்கும் ஸ்கேடா மென்பொருளில் திரை தயாரிக்கிறவர் முதல் பம்புக்கு ஒரு படம் போடுகிறார். ஓடினால் ஒரு நிறம், நின்றால் வேறு நிறம். படத்தைத் தொட்டால் ஃபேஸ்பிளேட் எனப்படும் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஸ்டார்ட், ஸ்டாப், ஆட்டோ, மேனுவல், எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்ற எண். அப்புறம் அதையே 39 தடவை காப்பி பேஸ்ட் செய்து, ஒவ்வொன்றிலும் டேக் பெயரை (எந்த மதிப்பைப் படிக்க, எழுத வேண்டும் என்று குறிக்கும் பெயர்) மட்டும் மாற்றிவிடுகிறார். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். திரையும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

முதல் திருத்தம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு பம்பும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதே ஜன்னலில் காட்டச் சொல்லி ஆலைக்காரர்கள் கேட்பார்கள். பராமரிப்புக்கு வேண்டிய தகவல்தான், கேட்பது நியாயம். ஆனால் இப்போது 40 ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். ஜெராக்ஸ் எடுத்த பிறகு அசலைத் திருத்தினால் நகல்கள் திருந்துவதில்லை. அவசரத்தில் 23ஆம் பம்பின் ஜன்னலில் ஏதோ ஒரு பட்டனில் 22ஆம் பம்பின் டேக் தங்கிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் ஆபரேட்டர் 23ஐ நிறுத்தத் தட்டுவார், 22 நிற்கும்.

இதைத் தவிர்ப்பதற்காகவே பெரும்பாலான ஸ்கேடா, எச்எம்ஐ (ஆபரேட்டர் இயந்திரத்தை இயக்கும் திரை) மென்பொருள்களிலும் மறுபயன்பாட்டுக் கூறு என்ற வசதி இருக்கிறது. ஒரு முறை வடிவமைத்து அதை டைப்பாக வைத்துக்கொள்கிறோம். வேண்டிய இடத்திலெல்லாம் அதன் இன்ஸ்டன்ஸை, அதாவது டைப்போடு இணைந்தே இருக்கும் பிரதியை, வைக்கிறோம். டைப்பில் ஒரு வரி சேர்த்தால் 40 இடத்திலும் சேர்ந்துவிடும். மென்பொருள் விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது நேரம் மிச்சமாகிறது என்பதையே முன்னால் வைப்பார்கள். என் பார்வையில் நேரம் இரண்டாம் பட்சம். ஒரு கூறின் உண்மையான மதிப்பு அதற்குப் பின்னால் இருக்கும் உடன்படிக்கையில் இருக்கிறது. திரை என்ன கேட்கும், இயந்திரங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சி என்ன கொடுக்கும், எந்த பிட்டை (0 அல்லது 1 என்ற ஒற்றை மதிப்பு) யார் எழுதலாம் என்பதெல்லாம் அதில் ஒரே இடத்தில் முடிவாகிறது. படம் வரைவது கடைசியில் வரும் எளிய வேலை.

திரைக்கு வருவதற்கு முன்பே இந்த ஏற்பாடு பேனலில் இருந்தது. பழைய கன்ட்ரோல் ரூம்களில் பேனல் முழுக்க, வெப்பநிலை, அழுத்தம் போன்ற ஏதோ ஒன்றை மட்டும் கட்டுப்படுத்தும் ஒற்றை லூப் கன்ட்ரோலர்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றின் முகப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான்: அளந்த மதிப்பு, செட்பாயின்ட் (இருக்க வேண்டிய மதிப்பு), வால்வுக்குப் போகும் அவுட்புட், ஆட்டோ மேனுவல் சுவிட்ச். 1975ல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் ஆகிய கணினிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வந்து கன்ட்ரோல் ரூமைத் திரைக்குக் கொண்டுபோனபோது, இந்த முகப்பும் கூடவே போனது. ஆபரேட்டர்களின் கண்ணும் கையும் அதற்குத்தானே பழகியிருந்தன. வெப்பநிலை லூப்பை ஓட்டத் தெரிந்தவர் அழுத்த லூப்பையும் தயங்காமல் ஓட்டுவார், ஏனென்றால் இரண்டுக்கும் முகம் ஒன்று. மறுபயன்பாட்டால் முதலில் பலன் பெற்றவர் ஆபரேட்டர். நிரல் எழுதுகிறவருக்கு அது பிறகு வந்த லாபம்.

சரி, ஒரு மோட்டார் கூறை அருகில் வைத்துப் பார்ப்போம்.

பிஎல்சி பக்கத்தில் மோட்டாருக்கென்று ஒரு ஃபங்ஷன் பிளாக், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நிரல் துண்டு, இருக்கும். பிஎல்சி நிரல் மொழிகளுக்கான ஐஇசி 61131-3 தரம் 1993ல் வந்த பிறகு இந்தப் பழக்கம் பெரும்பாலான பிராண்டுகளுக்கும் பொதுவாகிவிட்டது. அந்தப் பிளாக்கோடு ஒரு டேட்டா கட்டமைப்பு சேர்ந்து வரும், யூடிடி என்பார்கள். அதற்குள் மூன்று கூட்டமாகப் பிரித்து வைப்பது நல்லது. முதலாவது நிலை: ஓடுகிறதா, டிரிப் ஆகியிருக்கிறதா (கோளாறால் தானே நின்றிருக்கிறதா), ஆட்டோவா மேனுவலா, லோக்கலா ரிமோட்டா, எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் ஓடியது. இதைப் பிஎல்சி மட்டுமே எழுதும், திரை படிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது கட்டளை: ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட். இதைத் திரை எழுதும். மூன்றாவது அமைப்பு மதிப்புகள்: ஸ்டார்ட் கொடுத்த எத்தனை வினாடிக்குள், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரிலிருந்து இணைந்துவிட்டது என்ற ஃபீட்பேக் வர வேண்டும், எத்தனை ஆம்பியரில் எச்சரிக்க வேண்டும் என்பது போன்றவை. இதையும் திரை எழுதலாம், ஆனால் அதற்கான உரிமை உள்ளவர் லாகின் செய்திருந்தால் மட்டும்.

ஃபேஸ்பிளேட் இந்தக் கட்டமைப்பை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து டேக்கைத் தனித்தனியே இணைக்கும் வேலை இல்லை. பம்ப் 23 என்று ஒரே இணைப்பு. தப்பாக இணைத்தால் ஜன்னல் முழுவதுமே தப்பாக இருக்கும், கமிஷனிங்கில் முதல் சோதனையிலேயே பிடிபட்டுவிடும். ஒரே ஒரு பட்டன் மட்டும் வேறு பம்புக்குப் போய்க்கொண்டிருக்கும் அந்த ஒளிந்திருக்கிற தவறுக்கு இங்கே இடமில்லை.

இனி ஸ்டார்ட் பட்டன். சாதாரணமாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அழுத்தும்போது பிட்டை 1 ஆக்கு, விடும்போது 0 ஆக்கு என்று எழுதுவது எளிது, பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு ஆயத்தமான பட்டனே உண்டு. ஆனால் அழுத்தியதற்கும் விட்டதற்கும் நடுவில் நெட்வொர்க் துண்டித்தால் என்ன ஆகும்? 1 போய்ச் சேர்ந்துவிட்டது, 0 போகவில்லை. பிஎல்சிக்குள் ஸ்டார்ட் கட்டளை அப்படியே நின்றுகொண்டிருக்கும். பாதுகாப்பான வழி, திரை 1 மட்டும் எழுதுவது. பிஎல்சி அதைப் பார்த்து, நிபந்தனைகளைச் சரிபார்த்து, ஓட்டலாம் என்றால் ஓட்டி, எப்படியானாலும் பிட்டைத் தானே 0 ஆக்கிவிட வேண்டும். இந்த ஒரு பாடத்தை டைப்புக்குள் ஒரு முறை எழுதிவிட்டால் 40 பம்புக்கும் அது பொருந்தும். அடுத்த ஆலைக்கும் பொருந்தும். அனுபவசாலி ஒருவரின் அறிவு, அவர் வேறு வேலைக்குப் போன பிறகும், அந்தக் கூறுக்குள் தங்கியிருக்கும். கூறுகளை நேரக் கணக்கில் மட்டும் அளக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். (திரையில் உள்ள ஸ்டாப் பட்டனை எமர்ஜென்சி ஸ்டாப் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்குத் தனி வயரிங்கும் தனிப் பாதுகாப்புச் சுற்றும் வேண்டும்.)

ஆபரேட்டர் ஃபேஸ்பிளேட்டைத் திறப்பது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான்: ஏன் ஓடமாட்டேன் என்கிறது? ராத்திரி ஷிஃப்டில், ஸ்டார்ட் தட்டியும் மோட்டார் அசையாதபோது, இதற்குப் பதில் சொல்லாத ஜன்னல் இருந்தும் பயனில்லை. தொட்டியில் நீர்மட்டம் குறைவு, டெலிவரி வால்வு திறக்கவில்லை, ஓவர்லோடு ரிலே டிரிப் என்று இன்டர்லாக்குகளை (ஓடவிடாமல் தடுக்கும் நிபந்தனைகளை) வரிசையாகக் காட்டி, எது தடுக்கிறது என்று குறிக்க வேண்டும். மோட்டார் டிரிப் ஆகும்போது ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து காரணங்கள் விழும். அவற்றில் முதலில் விழுந்தது எது என்பதைப் பிஎல்சி பிடித்து வைத்திருந்தால் பாதித் தேடல் மிச்சம். இன்டர்லாக்குகள் பம்புக்குப் பம்பு மாறுபவை. ஆகவே அவற்றின் பெயர்கள் டைப்பில் இருக்க முடியாது, ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தன் பெயர்ப்பட்டியலைத் தானே கொண்டுவர வேண்டும். எது பொது, எது தனி என்று இப்படி ஒவ்வொரு வரிக்கும் முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

ஒவ்வொரு மென்பொருளும் இந்த இணைப்பைத் தன் வழியில் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த சைடெக்ட், இப்போது அவீவா பிளான்ட் ஸ்கேடா என்ற பெயரில் இருக்கிறது. அதில் ஜீனி, சூப்பர் ஜீனி என்று இரண்டு வகைக் கூறுகள் உண்டு. ஜீனியில் டேக் பெயர் கம்பைல் செய்யும்போதே பதிந்துவிடும், சூப்பர் ஜீனியில் ?1?, ?2? என்று இடம் விட்டு வைத்து, ஜன்னல் திறக்கும் நேரத்தில் நிரப்புவார்கள். ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் வியூவில் குளோபல் ஆப்ஜெக்ட். பிஎல்சி பக்கம் ஆட்-ஆன் இன்ஸ்ட்ரக்ஷன் அதற்கு ஜோடி. இக்னிஷனில் டேக் பாதையை ஒரு பாராமீட்டராக வியூவுக்குள் அனுப்புவார்கள். சீமென்ஸின் வின்சிசி யூனிஃபைடில் ஃபேஸ்பிளேட்டின் இடைமுகத்திலேயே யூடிடியைச் சொல்லிவிடலாம். கோடெசிஸில் ஒரு காட்சித் திரையை ஃபிரேமுக்குள் வைத்து, ஃபங்ஷன் பிளாக்குக்குக் கொடுப்பது போலவே அதற்கும் மாறிகளைக் கொடுக்கலாம்.

பெயர்கள் பலவானாலும் உள்ளே இரண்டே பாணிதான். ஒன்றில் டேக்கின் பெயர் வெறும் எழுத்துச் சரமாகப் போகிறது, மற்றொன்றில் வகை தெரிந்த கட்டமைப்பாகப் போகிறது. எழுத்துச் சரம் மிகவும் வளைந்துகொடுக்கும். ஒரு எண்ணைச் சேர்த்து ஒட்டினால் போதும், எந்தப் பம்பும் வந்துவிடும். ஆனால் பிஎல்சியில் ஒருவர் டேக்கின் பெயரை மாற்றினால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். திரை திறக்கும்போதுதான் கேள்விக்குறியோ சிவப்புக் கட்டமோ தெரியும். இந்த டேக் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டுத் தேடினாலும், ஓடும் நேரத்தில் ஒட்டிச் சேர்க்கும் பெயர் அதில் அகப்படாது. எங்கும் பயன்படவில்லை என்று நினைத்து ஒருவர் அந்த டேக்கை அழித்தும்விடலாம். வகை தெரிந்த கட்டமைப்பு கறாரானது, ஆரம்பத்தில் எரிச்சலூட்டும், ஆனால் தவறைக் கம்பைல் செய்யும்போதே சொல்லிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் நான் கறாரானதைத்தான் எடுப்பேன்.

கூறு நன்றாக இருந்தும் திரை ஆபரேட்டரைக் கைவிடக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள வேல்ஸில் 1994 ஜூலை 24 அன்று நடந்ததைப் பார்க்க வேண்டும். மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலையில் காலையில் இடிமழை, அதனால் ஏற்பட்ட தீ, ஆலை முழுக்கக் கலக்கம். சுமார் ஐந்து மணி நேரம் கழித்து, மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேர் அமைப்பின் குழாய் உடைந்து ஏறத்தாழ 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு ஆணையம் விசாரித்து எழுதிய அறிக்கையில் திரைகளைப் பற்றிய பகுதியை இத்துறையில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். ஒரு கன்ட்ரோல் வால்வு மூடிக் கிடந்தது, ஆனால் கட்டுப்பாட்டு அமைப்பு அது திறந்திருப்பதாகக் காட்டியது. ஆலையில் மொத்தமாக என்ன நடக்கிறது என்று பார்க்க முழுமையான திரை எதுவும் இல்லை. வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன.

இந்த மூன்றும் கூறு வடிவமைப்போடு நேரடியாகத் தொடர்புடையவை. வால்வுக்குக் கொடுத்த கட்டளையையும் வால்விலிருந்து வந்த ஃபீட்பேக்கையும் ஒரே படத்தில், தனித்தனியாகக் காட்ட வேண்டும். திற என்று சொன்னோம் என்பது திறந்திருக்கிறது என்பதற்குச் சமமாகாது. இதை டைப்பில் சரியாகச் செய்தால் ஆலையின் எல்லா வால்வும் உண்மை பேசும். அலாரம் விஷயத்தில் மறுபயன்பாடே ஆபத்தாகிவிடலாம். மோட்டார் டைப்புக்குள் எட்டு அலாரம் வைத்திருந்தால், 40 மோட்டாரை இழுத்து வைத்தவுடன் 320 அலாரம் ஆலைக்குள் நுழைந்துவிடும். அவற்றில் எது ஆபரேட்டர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டியது என்று ஒருவரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். அலாரங்களை நிர்வகிப்பதற்கான ஐஎஸ்ஏ 18.2 தரம் கேட்பது இந்த யோசனையைத்தான். ஒவ்வொரு அலாரத்துக்கும் ஆபரேட்டர் செய்ய வேண்டிய செயல் ஒன்று இருக்க வேண்டும். அதனால் டைப்பில் அலாரங்கள் அணைந்த நிலையில் இருக்கட்டும். வேண்டிய இன்ஸ்டன்ஸில் வேண்டியதை மட்டும் காரணத்தோடு இயக்கலாம்.

மூன்றாவதான முழுமைத் திரையை எந்தக் கூறு நூலகமும் தானாகத் தராது. கையில் நல்ல கூறுகள் இருந்தால் பைப்பிங் வரைபடத்தைப் பார்த்து அப்படியே அடுக்கிவிடத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் திரை தயார். ஆனால் ஆபரேட்டரின் கேள்வி, உள்ளே வருவதும் வெளியே போவதும் ஈடாகிறதா என்பது போல இருக்கும். அதற்கு அவர் வேலையைப் பார்த்துத்தான் திரையைத் திட்டமிட வேண்டும்.

2015ல் வந்த ஐஎஸ்ஏ 101.01 தரம் இந்த வரிசையைத் தெளிவாக வைத்திருக்கிறது. முதலில் எச்எம்ஐ கொள்கை, அடுத்து ஸ்டைல் கைடு, அதற்குப் பிறகு டூல்கிட். நாம் பேசிக்கொண்டிருக்கும் கூறுகள் மூன்றாவதான டூல்கிட். நடைமுறையில் பல திட்டங்களில் டூல்கிட்டே முதலில் வந்துவிடுகிறது, கொள்கையை யாரும் எழுதுவதேயில்லை.

நிறத்தை எடுத்துக்கொண்டாலே இதன் விளைவு தெரியும். நம் ஊர் எம்சிசி (மோட்டார் கட்டுப்பாட்டு) பேனல்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது, பச்சை என்றால் நிற்கிறது, மஞ்சள் என்றால் டிரிப் என்பது மின்பகுதிக்காரர்களின் பழைய வழக்கம். வெளிநாட்டு நூலகத்திலிருந்து இறக்கிய கூறில் பச்சை என்றால் ஓடுகிறது. கன்ட்ரோல் ரூமில் பச்சை, பத்தடி தள்ளி பேனலில் சிவப்பு, மோட்டார் ஒன்றேதான். இப்போது பலர் பின்பற்றும் பாணியில் இந்த இரண்டு நிறத்தையுமே இயல்பான நிலைக்குப் பயன்படுத்துவதில்லை. பின்னணி சாம்பல், ஓடுவது சற்று வெளிறிய நிறம், நிற்பது அடர் சாம்பல், பிரகாசமான நிறங்கள் அலாரத்துக்கு மட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஆலைக்காரர்களோடு பேசி ஒரு முறை முடிவுசெய்து டைப்பில் பூட்டிவிட வேண்டும். திரை போடும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விட்டதே என்று வருத்தப்படலாம். போகத்தான் வேண்டும்.

அடுத்த சறுக்கல் பாராமீட்டர் பெருக்கம். மோட்டார் டைப் நேரடி ஸ்டார்ட்டருக்காகப் பிறந்தது. பிறகு மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி வந்தது, வேகத்தைக் காட்டு அல்லது மறை என்று ஒரு பாராமீட்டர் சேர்ந்தது. இருபக்கமும் சுற்றும் மோட்டாருக்கு இன்னொன்று, ஸ்டார்-டெல்டாவுக்கு இன்னொன்று, ஸ்பேஸ் ஹீட்டருக்கு ஒன்று. கடைசியில் காட்டு-மறை ஸ்விட்சுகள் முப்பதைத் தொடும். எந்தச் சேர்க்கையில் என்ன தெரியும் என்று உருவாக்கியவருக்கே சொல்ல முடியாது. சிறு கூறுகளைச் செய்து அவற்றைக் கோப்பதே இதற்கு வழி. நிலை விளக்கு ஒன்று, ஆட்டோ மேனுவல் பட்டை ஒன்று, இன்டர்லாக் பட்டியல் ஒன்று, மதிப்பு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் டிரெண்ட் ஒன்று. நேரடி மோட்டார் ஃபேஸ்பிளேட் இவற்றில் மூன்றை எடுத்துக்கொள்ளும், விஎஃப்டி ஃபேஸ்பிளேட் நான்கையும் எடுத்து வேகப் பட்டையையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு தெளிவான டைப்புகள், எல்லாவற்றையும் விழுங்கிய ஒரு டைப்பைவிட எப்போதும் மேல்.

டைப்பை மாற்றினால் 40 இடத்திலும் மாறும் என்ற வசதிக்கு மறுபக்கமும் உண்டு. தவறும் 40 இடத்துக்கும் போகும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் அது விளையாட்டில்லை. சீமென்ஸின் டிஐஏ போர்ட்டல் மென்பொருளில் ரிலீஸ் செய்த பதிப்பைத் தொட முடியாது. புதிய பதிப்பு உருவாக்கி, சோதித்து, ரிலீஸ் செய்து, இன்ஸ்டன்ஸ்களை அதற்கு உயர்த்த வேண்டும். சலிப்பான நடைமுறைதான், ஆனால் சரியான நடைமுறை. இந்த வசதி இல்லாத மென்பொருளிலும் பதிப்பு எண்ணை ஃபேஸ்பிளேட்டின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டு வைக்கலாம். மூன்று வருடம் கழித்து வருகிறவர் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்ததும் தெரிந்துகொள்வார்.

சோதிப்பதற்குத் தனியாக ஒரு திரை வேண்டும். அதில் ஒரே கூறின் இன்ஸ்டன்ஸ்களை ஓடும் நிலை, நின்ற நிலை, டிரிப், லோக்கல், ஃபீட்பேக் வரவில்லை என்று எல்லா நிலைகளிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று உண்டு: பிஎல்சியோடு தொடர்பே இல்லாத நிலை. தொடர்பு அறுந்தால் திரையில் கடைசியாக வந்த மதிப்பு அப்படியே உறைந்து நிற்கலாம். ஓடுகிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும், மோட்டார் எப்போதோ நின்றிருக்கும். பிஎல்சிக்கும் திரைக்கும் இடையே தகவலைக் கொண்டுசெல்லும் ஓபிசி வழியாக வரும் ஒவ்வொரு மதிப்போடும் அதன் தரம் நல்லதா, சந்தேகமா, கெட்டதா என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. அதைக் கூறு பார்க்க வேண்டும். தரம் கெட்டது என்றால் நிறத்தை எடுத்துவிட்டு, குறுக்குக் கோடுகளோ கேள்விக்குறியோ காட்டி, பட்டன்களையும் பூட்டிவிட வேண்டும். ஒரு நூலகத்தை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் செய்யச் சொல்வது நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பதுதான்.

இவை எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் நடக்கும் கதை. சீமென்ஸில் செய்த ஃபேஸ்பிளேட்டை ராக்வெல்லுக்குக் கொண்டுபோக முடியாது, படத்தை மறுபடி வரைய வேண்டியதுதான். ஜெர்மனியில் வேதித்தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாமூர், விடிஐ, விடிஇ என்ற பொறியாளர் அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கிய 2658 வரிசை வழிகாட்டுதல்கள் இதற்கு வேறொரு திசையைக் காட்டுகின்றன. அதில் எம்டிபி என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. ஒரு ரியாக்டரையோ வடிகட்டியையோ முழு மாட்யூலாகச் செய்து விற்பவர், அதோடு இந்தக் கோப்பையும் கொடுப்பார். கோப்பில் படம் இருக்காது. இந்த இடத்தில் திறந்து மூடும் வால்வு ஒன்று, இங்கே வேகம் மாறும் டிரைவ் ஒன்று, இங்கே பிஐடி கன்ட்ரோலர் ஒன்று, இவற்றின் தகவல்கள் ஓபிசி யூஏவில் இந்தந்த முகவரியில் என்ற விவரணை மட்டும் இருக்கும். வாங்கும் ஆலையின் மென்பொருள் அதைப் படித்து, தன் நூலகத்தில் உள்ள வால்வுப் படத்தையும் தன் ஃபேஸ்பிளேட்டையும் வைத்துத் திரையைத் தானே அமைத்துக்கொள்ளும். மாட்யூல் எங்கிருந்து வந்தாலும் ஆபரேட்டருக்கு அவர் பழகிய முகம்தான் தெரியும். அதற்கு அந்த ஆலையிடம் ஒழுங்கான சொந்த நூலகம் ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும்.